ரெண்டு மில்லிமீட்டர் யாருடையது?

லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருந்தால் எல்லாரும் ரயிலைப் பார்ப்பாங்க. நான் ஸ்லீப்பரைப் பார்ப்பேன். சக்கரம் மேலே வரும்போது ஸ்லீப்பர் கொஞ்சம் அமுங்கி, சக்கரம் போனதும் திரும்ப எழும். பெரும்பாலான இடங்களில் இது கண்ணுக்கே தெரியாது. சில இடங்களில் மட்டும் மூன்று நான்கு ஸ்லீப்பர்கள் சேர்ந்து குதிக்கும். அவற்றைச் சுற்றி ஜல்லி உரசி உரசி வெள்ளையாய்ப் பொடிந்து கிடக்கும். மழைக்காலமானால் அந்த இடத்தில் சேறு மேலே வந்திருக்கும்.

இந்த அமுங்கலை அளந்து, "பாதைக்குக் கீழே இருக்கிற தாங்குதல் இவ்வளவு உறுதி" என்று ஒரே எண்ணில் சொல்வது ரயில்வே பொறியியலில் நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். அந்த எண்ணுக்கு டிராக் மாடுலஸ் என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் நீளத் தண்டவாளத்தை ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்க எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பதுதான் அது. அலகு மெகாபாஸ்கல். கேட்க எளிமையாக இருக்கிறது. அறிக்கைகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் இந்த எண் வருகிற இடமெல்லாம் "தரை இப்படி" என்று வாசிக்கிறோம். அந்த வாசிப்பில் எனக்குப் பெரிய குறை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில் எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1867-ல் எமில் விங்க்லர், பிராக் நகரத்தில் இருந்தபோது வெளியிட்ட நூலில், தண்டவாளத்தை வரிசையான ஸ்பிரிங்குகளின் மேல் கிடக்கும் உத்தரமாகக் கற்பனை செய்தார். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனி. பக்கத்து ஸ்பிரிங் அமுங்கினால் இதற்குத் தெரியாது. மண் அப்படி இல்லை என்பது கயிற்றுக் கட்டிலில் படுத்த யாருக்கும் தெரியும்: ஒருத்தர் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் படுத்திருப்பவரும் சேர்ந்து சரிவார். மண் கயிற்றுக் கட்டில் ஜாதி. ஆனாலும் விங்க்லரின் கணக்கு சுலபம். 1888-ல் ஜெர்மனியில் சிம்மர்மன் அதை ரயில் பாதைக்கான முழுக் கணக்குமுறையாக்கினார். அதுக்கப்புறம் அது போகவே இல்லை.

அமெரிக்காவில் 1914-ல், பாதையில் உண்டாகும் தகைவுகளை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் தால்பட். முதல் அறிக்கை 1918-ல் வந்தது. 1942-ல் இறக்கும்வரை அந்த வேலையை அவர் விடவில்லை. டிராக் மாடுலஸ் என்ற எண்ணைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். எண்ணைத் தந்தவர்கள் அதை எவ்வளவு கவனமாக அளந்தார்கள், அதுக்கப்புறம் நாம எவ்வளவு அலட்சியமாகிவிட்டோம் என்பதுதான் என் புகாரின் மையம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம். அதன் மேல் ஒற்றைச் சக்கரம், 100 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய பத்து டன். சக்கரத்துக்கு நேர் கீழே தண்டவாளம் 1 மி.மீ. இறங்கினால் விங்க்லர் கணக்குப்படி மாடுலஸ் 62 மெகாபாஸ்கல் வரும். ஒன்றரை மி.மீ. இறங்கினால் 36. ரெண்டு மி.மீ. இறங்கினால் 25. இறக்கம் ரெண்டு மடங்கானால் மாடுலஸ் பாதியைவிடக் கீழே போகிறது என்பதைக் கவனியுங்க. அளவீட்டில் வருகிற பிழையையும் இந்தச் சூத்திரம் அதே மாதிரி கொஞ்சம் பெரிதாக்கித்தான் தரும். அமெரிக்க நூல்களில் ஒரு அளவுகோல் புழங்குகிறது: 14-க்குக் கீழே மோசம், 14-லிருந்து 28 வரை சுமார், அதுக்கு மேலே நல்லது. அப்படியானால் ரெண்டு மி.மீ. இறங்குகிற நம் பாதை சுமார் ரகம். அறிக்கை முடிந்தது.

இப்போ இதே ரெண்டு மி.மீ. இறங்குகிற இரண்டு இடங்களை எடுத்துக்குவோம். முதல் இடத்தில் தரை நல்ல கெட்டி. ஆனால் ஸ்லீப்பருக்கும் ஜல்லிக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது. ஸ்லீப்பர் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. 20 கிலோநியூட்டன் ஏற்றினாலே 1 மி.மீ. இறங்கி ஜல்லியில் போய் உட்கார்ந்துவிடும். அங்கிருந்து 100 வரை ஏற்ற, இன்னும் 1 மி.மீ.தான் இறங்கும். இரண்டாவது இடத்தில் இடைவெளி எதுவும் இல்லை. ஸ்லீப்பர் ஜல்லியில் ஒழுங்காகப் பதிந்திருக்கிறது. கீழே களிமண் மெத்து மெத்தென்று இருக்கிறது. 20 ஏற்றினால் 0.4 மி.மீ., 100 ஏற்றினால் 2 மி.மீ. எடைக்கு ஏற்ற இறக்கம், நேர்கோடு.

100 கிலோநியூட்டனில் மட்டும் ஒரே ஒரு ரீடிங் எடுத்தால் இரண்டுமே 25 மெகாபாஸ்கல். ஆனால் முதல் இடத்துக்கு ஜல்லியைக் கெட்டிப்படுத்தும் டாம்பிங் போதும். இரண்டாவது இடத்தில் எத்தனை முறை டாம்பிங் செய்தாலும் தரை மாறப்போவதில்லை. மெஷின் போன அன்றைக்குப் பாதை நேராகத் தெரியும், பிறகு பழைய வடிவத்துக்கே திரும்பும். அங்கே வேண்டியது வடிகால், மண்ணைக் கெட்டிப்படுத்துவது, இல்லை மண்ணையே மாற்றுவது. செலவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஒரே எண்ணைத் தந்துவிட்டு, எந்த வேலை செய்யணும் என்பதை அந்த எண் மறைத்துவிடுகிறது.

இதைப் பிரித்துப் பார்க்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு எடையில் அளந்தால் போதும். முதல் இடத்தில் 20-க்கும் 100-க்கும் நடுவே நடந்ததை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் மாடுலஸ் 46 வருகிறது, நல்ல ரகம். இரண்டாவது இடத்தில் அதே கணக்கு அப்படியே 25-ல் நிற்கிறது. தால்பட் குழு இதைத்தான் செய்தது. லேசான வண்டியையும் கனமான வண்டியையும் தனித்தனியே நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் தண்டவாளம் எப்படிக் குழிகிறது என்று முழுப் பள்ளத்தையும் அளந்து, இரண்டு எடைகளின் வித்தியாசத்தை இரண்டு பள்ளங்களின் பரப்பு வித்தியாசத்தால் வகுத்தது. பள்ளத்தின் பரப்பை எடுப்பதில் இன்னொரு நன்மை: தண்டவாளத்தின் விறைப்பு எவ்வளவு என்பதே கணக்கில் வராது. ஸ்பிரிங்குகள் எல்லாம் சேர்ந்து தாங்குவது மொத்த எடையை, அவ்வளவுதான்.

இது மெனக்கெட்ட வேலை. ஒரு இடத்துக்கு நிறைய ரீடிங் எடுக்கணும். அதனால் பிற்காலத்தில் பலரும் ஒற்றை எடை, ஒற்றைப் புள்ளி, சூத்திரம் என்று சுருக்கிக்கொண்டார்கள். சுருக்கியது தப்பில்லை. சுருக்கிய பிறகும் பழைய பெயரையே வைத்துக்கொண்டதுதான் தப்பு. அட்டவணையில் 25 என்று இருந்தால் அது எப்படி அளந்த 25 என்று வாசிப்பவருக்குத் தெரிய வழியில்லை. இந்த விஷயத்தில் இந்திய ரயில்வே பொறியியல் பாடநூல்களைப் பாராட்டணும். தொடக்க எடை வரைக்கும் ஒரு மாடுலஸ், அதற்கு மேல் மீள்தன்மையோடு நடக்கிற பகுதிக்கு வேறொரு மாடுலஸ் என்று இரண்டாகப் பிரித்தே மாணவர்களுக்குச் சொல்கின்றன. தேர்வுக்கு மனப்பாடம் செய்யும்போது எரிச்சலாக இருக்கும் அந்த இரண்டு எண்கள்தான் உண்மையான தகவல்.

அடுத்த சங்கடம் ரப்பர். கான்கிரீட் ஸ்லீப்பருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் பேட் இருக்கிறது. தண்டவாளத்தின் மேலே நின்று அளந்தால் அந்த பேட், ஸ்லீப்பர், ஜல்லி, மண் எல்லாம் சேர்ந்த இறக்கம்தான் கையில் வரும். 1994-ல் செலிக்கும் லீயும் டிராக் மாடுலஸின் பொருள் என்ன, எதெல்லாம் அதை மாற்றுகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் படிக்கிற கட்டுரைகளில் ஒன்று, நானும் பலமுறை படித்திருக்கிறேன். பாதையின் உறுப்புகளிலேயே அடிமண்தான் மாடுலஸை அதிகம் நிர்ணயிக்கிறது என்பது அவர்கள் முடிவு. இதை மேற்கோள் காட்டுகிறவர்கள், "ஆகவே மாடுலஸ் அளந்தால் மண்ணை அளந்த மாதிரி" என்று ஒரு எட்டு தாண்டிவிடுகிறார்கள். அந்தத் தாவலை ஏற்க முடியாது.

ஏன் என்று பாருங்க. ஸ்லீப்பரின் ஒரு முனையில் ஜல்லியும் மண்ணும் சேர்ந்து மில்லிமீட்டருக்கு 150 கிலோநியூட்டன் தாங்குகிறது என்று வைப்போம். கெட்டியான தரை. அதன் மேல் 500 விறைப்புள்ள பேட் போட்டால் மொத்தம் 115. அந்த பேட்டைக் கழற்றி 100 விறைப்புள்ள மெத்தான பேட் போட்டால் மொத்தம் 60. தரை அப்படியே இருக்க, எண் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இப்போ தரை 30 என்று வைத்துப் பாருங்க. கெட்டி பேட்டுக்கு 28, மெத்து பேட்டுக்கு 23. பேட் மாறினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது மண் பலவீனமான இடத்தில் எண் மண்ணைப் பற்றிப் பேசும். மண் பலமான இடத்தில் அது ரப்பரைப் பற்றிப் பேசும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் வரிசையாகப் போட்டு ஒப்பிட்டால், ஒரு பக்கம் மண்ணையும் மறுபக்கம் ரப்பரையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். இங்கிலாந்தில் இதற்கு ஒரு நேரடியான வழி கையாளுகிறார்கள். ஸ்லீப்பரைத் தண்டவாளத்திலிருந்து கழற்றிவிட்டு, அதன் மேல் எடையை விழவைத்து, ஸ்லீப்பரும் பக்கத்து ஜல்லியும் எவ்வளவு அசைகின்றன என்று அளப்பது. ரப்பர் கணக்கிலிருந்து வெளியே போய்விடும். பாதையை மூடித்தான் செய்ய முடியும், அதனால் எல்லா இடத்திலும் செய்ய முடியாது என்பது உண்மை.

எல்லா இடத்திலும் அளக்க ஆசைப்பட்டவர்கள் ஓடும் வண்டியிலிருந்தே அளக்கப் போனார்கள். இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் இருக்கிறது. வண்டியும் தண்டவாளத்தோடு சேர்ந்தேதான் கீழே இறங்குகிறது. படகில் உட்கார்ந்துகொண்டு, கரையையும் பார்க்காமல், படகு எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று சொல்கிற கதை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஷேன் ஃபாரிட்டர் குழு கண்டுபிடித்த வழி அழகானது. சக்கரத்திலிருந்து 1.22 மீட்டர் தள்ளி, தண்டவாளத்தின் உயரம் சக்கரம் தொடுகிற மட்டத்தைவிட எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று லேசர் கோட்டையும் கேமராவையும் வைத்துப் பார்ப்பது. தரை மெத்தென்றிருந்தால் பள்ளம் ஆழம், வித்தியாசம் அதிகம். ஸ்வீடனில் எரிக் பெர்க்ரென் வேறு வழியில் போனார். ஒரு சரக்கு வேகனில் அதிரும் எடைகளை ஏற்றி, போகிற போக்கிலேயே பாதையை ஆட்டி, எந்த அதிர்வெண்ணுக்கு எவ்வளவு அசைகிறது என்று பார்த்தார்.

இவை எனக்குப் பிடித்த வேலைகள். இங்கேயும் ஒரு முணுமுணுப்பு இருக்கிறது. நெப்ராஸ்கா முறை நேராக அளப்பது தண்டவாளத்தின் வளைவை. அதை மாடுலஸ் ஆக்கும்போது மறுபடியும் விங்க்லரின் ஸ்பிரிங்குகள் உள்ளே வந்துவிடுகின்றன. தொங்கும் ஸ்லீப்பர் இருந்தால் வளைவு அதையும் சேர்த்துக் காட்டும், பிரித்துச் சொல்லாது. ஆனால் இந்தக் கருவிகளின் பெரிய பயன் மாடுலஸ் என்ற எண்ணில் இல்லவே இல்லை என்று நினைக்கிறேன். பாதை நெடுக அது எப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான் பயன். எல்லா இடத்திலும் சீராக 20 இருக்கிற பாதையில் வண்டி நிம்மதியாகப் போகும். 20-லிருந்து சட்டென்று 80-க்குத் தாவுகிற இடத்தில் சக்கரம் ஒரு படியில் ஏறுகிற மாதிரி. பாலத்துக்கு ஏறும் இடங்கள் எப்போதும் தகராறு செய்வதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். மண்மேட்டின் மேலே வந்த வண்டி திடீரென்று கான்கிரீட் மேலே ஏறுகிறது. மோதலில் ஜல்லி நசுங்கும், இடைவெளி விழும், இடைவெளி விழுந்தால் மோதல் இன்னும் கூடும். சராசரியை மட்டும் எழுதுகிற அறிக்கையில் இந்தப் படி இருக்காது.

உறுதி கூடக்கூட நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. ஸ்பெயினில் லோபஸ் பிட்டாவும் கூட்டாளிகளும் அதிவேகப் பாதைகளை ஆராய்ந்து, 2004-ல், மொத்த விறைப்பு மில்லிமீட்டருக்கு 70 முதல் 80 கிலோநியூட்டன் அளவில் இருப்பது நல்லது என்றார்கள். நம் 100 கிலோநியூட்டன் சக்கரம் சுமார் 1.3 மி.மீ. இறங்கணும் என்று அர்த்தம். அதைவிட விறைப்பாகப் போனால் அதிர்ச்சி விசைகள் ஏறி ஜல்லியை அரைக்கும். அதைவிட மெத்தென்றிருந்தால் தண்டவாளம் அதிகம் வளையும், ரயிலை ஓட்ட ஆற்றலும் அதிகம் செலவாகும். அதனால்தான் அதிவேகப் பாதைகளில் வேண்டுமென்றே மெத்தான பேட் போடுகிறார்கள். மாடுலஸ் குறைந்தால் "தரை மோசம்" என்று வாசிக்கிறவர், பொறியாளர் தெரிந்தே செய்த நல்ல காரியத்தை நோய் என்று எழுதிவிடுவார்.

நிறுத்தி வைத்து அளப்பதன் எல்லை எதுவென்று தெரிய, 1997-ல் ஸ்வீடனின் மேற்குக் கரைப் பாதையில் நடந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. யோத்தபோரிக்குத் தெற்கே லெட்ஸ்கார்ட் என்ற இடம். புதிய பாதை, எக்ஸ் 2000 என்ற அதிவேக ரயில், வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர். கீழே உயிர்மக் கழிவு கலந்த மிக மெத்தென்ற களிமண். மெதுவாகப் போகும்போது பாதை ஒழுங்காக அமுங்கி எழுந்தது. வேகம் கூடக்கூட அசைவு தாறுமாறாகக் கூடியது. ரயில் போன பின்னும் மண்மேடு மேலும் கீழுமாக அலையடித்தது. பக்கத்து மின்கம்பங்கள் வரை ஆட்டம். வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று.

அங்கே மண்ணின் விறைப்பு ரயிலுக்கு ரயில் மாறவில்லை. மாறியது, மண்ணில் அலை ஓடுகிற வேகத்துக்கும் ரயிலின் வேகத்துக்கும் இருந்த உறவு. மணிக்கு 200 கி.மீ. என்பது நொடிக்கு 55.6 மீட்டர். கெட்டியான தரையில் அலைகள் நொடிக்குச் சில நூறு மீட்டர் ஓடும், எந்த ரயிலும் அதை எட்டாது. லெட்ஸ்கார்ட் களிமண்ணில் அலைகள் நொடிக்குச் சில பத்து மீட்டர்தான். ரயில் தான் கிளப்பிய அலையைத் தானே துரத்திப் பிடித்துவிட்டது. தண்ணீரில் வேகமாகப் போகும் படகின் மூக்கில் அலை குவிகிற மாதிரி, சக்கரத்தைச் சுற்றி அலை குவிந்தது. விங்க்லரின் ஸ்பிரிங்குகள் ஒன்றையொன்று அறியாதவை என்று சொன்னேன் இல்லையா? பக்கத்து ஸ்பிரிங்குக்கே சேதி சொல்லாத தரையில் அலை எப்படி ஓடும்? அந்த மாதிரியின் தரையில் இந்த ஆபத்துக்கு இடமே இல்லை. அதிலிருந்து பிறந்த எண்ணைப் பார்த்து மண் மெத்தென்று இருக்கிறது என்று வேண்டுமானால் ஊகிக்கலாம். 70 கிலோமீட்டரில் சாதுவாக இருக்கிற பாதை 200-ல் என்ன செய்யும் என்று அது சொல்லாது.

இதை எதிர்த்து ஒரு பொறியாளர் பேசலாம், நியாயமாகவே: ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாதையைப் பராமரிக்கிறவருக்கு ஒப்பிட ஒரு எண் வேண்டாமா? வேண்டும். ஒரே கருவி, ஒரே எடை, ஒரே வகை பேட், ஒரே பருவம் என்று இருந்தால், போன வருஷத்து எண்ணோடு இந்த வருஷத்து எண்ணை ஒப்பிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பருவத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குளிர்நாடுகளில் உறைந்த தரையில் ஜனவரியில் எடுத்த அளவு, பனி உருகிச் சேறான ஏப்ரலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எண்ணோடு கூடவே எந்த எடையில், எந்த வேகத்தில், எந்த மாதத்தில், பேட்டோடா பேட் இல்லாமலா என்று ஒரு வரி எழுதிவிட்டால் என் புகாரில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பௌரி குழுவினர் ஸ்லீப்பரில் ஜியோஃபோன் ஒட்டியும், தள்ளி நின்று கேமராவில் படம் பிடித்தும், சாதாரணமாக ஓடுகிற ரயில்களின் கீழேயே அசைவைப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவில் ஒவ்வொரு சக்கரமும் தனியாகத் தெரியும். பக்கத்துப் பக்கத்து ஸ்லீப்பர்களின் பதிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் எது தொங்குகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். மாடுலஸ் கணக்கை அதுக்கப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

லெட்ஸ்கார்டில் கடைசியில் தண்டவாளத்தையோ பேட்டையோ மாற்றித் தப்பிக்க முடியவில்லை. 2000-ல் மண்மேட்டுக்குக் கீழே களிமண்ணுக்குள் சுண்ணாம்பும் சிமென்டும் கலந்த தூண்களை வரிசையாக இறக்கினார்கள். அதே ரயிலை அதே பாதையில் மறுபடி ஓட்டி அளந்தபோது, அந்த ஆட்டம் அடங்கியிருந்தது.